ஒரு சொம்பில் கார் கழுவுகிறவர்

ஒரு கையில் எவர்சில்வர் சொம்பு. இன்னொரு கையில் பழைய பனியனைக் கிழித்த துணி. துணியைச் சொம்பில் நனைக்கிறார், காரின் கூரையில் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார், கறுத்துப்போன துணியை அதே சொம்புக்குள் முக்கிப் பிழிகிறார், மறுபடியும் வட்டம் போடுகிறார். கூரையில் கிளம்பிய துணி கதவுக்கு இறங்கி, கதவிலிருந்து சக்கரத்துக்குப் போய், சக்கரத்து மண்ணையும் சேர்த்துக்கொண்டு முன்கண்ணாடிக்கு ஏறுகிறது. முடிவில் சொம்பில் மிஞ்சுவது காபி நிறத்தில் ஒரு கரைசல். அதையும் வீணாக்காமல் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, தெருவில் யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்து பார்க்கிறார்.

பார்த்தோம், ஐயா. நன்றாகவே பார்த்தோம்.

இந்த இனத்துக்கு ஒருசொம்புக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். உலகத்தில் எந்த வேலையையும் ஒரு சொம்புத் தண்ணீரில் முடித்துவிடலாம் என்பது இவருடைய வேதம். வீட்டில் யாராவது குளித்தால் கதவுக்கு வெளியே நின்று எத்தனை சொம்பு விழுகிறது என்று எண்ணுவார். விருந்தாளி கை கழுவினால், சோப்பு நுரை பாதி கையிலேயே இருக்கும்போது குழாயை மூடுவார். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி வந்த கட்டுரையை வெட்டி அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார். கேட்காமலே படித்தும் காட்டுவார்.

நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? நல்ல விஷயம்தான். குழாயில் நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிற கோடையில், பைப்பைப் பிடித்துக் காரை யானை மாதிரிக் குளிப்பாட்டுகிறவரை விட இவர் எவ்வளவோ மேல் என்றுதான் முதலில் தோன்றும். கிட்டப் போய்ப் பாருங்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார், சரி. அழுக்கை என்ன செய்கிறார்? ஓரிடத்திலிருந்து எடுத்து எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கு போடுகிறார். அதற்குப் பெயர் கழுவுதலா?

இந்த இனத்துக்குக் குறை சொல்ல முடியாத உதாரணம் ஒன்று வேண்டுமென்றால், கடலூர் மஞ்சக்குப்பத்துக் கலியமூர்த்தியைச் சொல்லலாம். ஐம்பத்திரண்டு வயது, அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டி மண்ணை மலையாகக் குவித்து வைத்திருந்த சமயம். ஒரு லாரி போனால் தெரு மொத்தமும் மறைந்து, பிறகு மெதுவாகத் திரும்பி வரும். அந்தத் தெருவில்தான் அவருடைய கருநீலக் கார் நின்றது. கார் வாங்கி ஏழு மாதம். அவருடைய அம்மா தைலம்மாள் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து படுத்து ஆறு மாதம். காருக்கு அவரே சேவகம் செய்தார். அம்மாவுக்கு ஜெயராணியை வைத்தார்.

ஜெயராணி ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். தினமும் நெல்லிக்குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். ஒரு புதன்கிழமை காலையில் தைலம்மாளைப் புரட்டிப் படுக்க வைத்தபோது, இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டுகிற இடத்தில் கொட்டைப்பாக்கு அளவு சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. இனி ஈரமும் அழுக்கும் தங்கினால் தோல் பிய்யும், பிய்ந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும், எண்பது வயது உடம்பில் ஆறாமலே போகவும் போகும். எலும்பு வரை போனதை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். நேரே வாசலுக்குப் போனாள்.

"சார், அம்மாவுக்குக் கீழ்முதுகுல செவந்திருக்கு. இன்னும் தோல் விடல. மணிக்கணக்கு வச்சிப் பொரட்டிப் போட்டுடறேன். ஆனா தொடைக்க வேளைக்கு ரெண்டு பேசின் தண்ணி வேணும். ஒண்ணு சோப்புக்கு, ஒண்ணு நல்ல தண்ணி."

கலியமூர்த்தி சொம்பைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு பேசினா! அவுங்க இன்னா கழனிக்கா போயிட்டு வராங்க? படுத்த எடத்துலதானே இருக்காங்க. அழுக்கு எங்கேர்ந்து ஆயாம்மா வரும்?"

"படுத்த எடத்துலதான் சார் எல்லாமே வரும்."

"இந்த வண்டியப் பாருங்க, எம்மாம் பெருசு. ஒரு சொம்புல முடிக்கிறேன். அம்மா இதுல கால்வாசி இருப்பாங்களா?"

உடம்பில் பாதி போனாலும் தைலம்மாளுக்கு நாக்கு போகவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "ஏண்டா, எனக்கு நாலு சக்கரம் இல்லாததுதான் கொறையா?"

ஒருசொம்புக்காரருக்குக் கேலி காதில் ஏறாது. அன்று முதல் தைலம்மாளின் கட்டிலடியில் ஒரு சொம்பு, ஒரு துணி. அதற்கு மேல் கிடைத்ததெல்லாம் கலியமூர்த்தியின் மனைவி பவானி, அரிசி களைகிற சாக்கில் மொண்டு, சாராயம் கடத்துகிறவள் போல முந்தானையில் மூடிக்கொண்டு வந்து கொடுத்தது. முகத்தைத் துடைத்த துணியால் காலைத் துடைக்கலாம், காலைத் துடைத்த துணியை எடுத்துக்கொண்டு முகத்துக்குப் போக முடியுமா? ஒரு சொம்பை மட்டும் வைத்துக்கொண்டு எதை முதலில் விடுவது என்று ஜெயராணி தினமும் கணக்குப் போட்டாள். சிவப்பு குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒருசொம்புக்காரர் கல்யாணத்துக்குப் போவது சாப்பிடுவதற்கு இல்லை, வண்டியை நிறுத்துவதற்கு. மண்டபத்து வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து, நல்ல உச்சி வெயிலில் நிறுத்தினார். அதுதான் வினை. நிழலில் தெரியாததெல்லாம் வெயிலில் தெரிந்தது. பவானியின் அண்ணன் சபாபதி இலையிலிருந்து எழுந்து வந்து, கை ஈரம் காயாமல், குனிந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், வண்டியத் தேங்கா நாரு போட்டுத் தேச்சியா?"

"எங்க?"

"எங்கயா? எங்க இல்ல, அதக் கேளு. பானட்டு பூரா வட்டம் வட்டமா, மார்கழி மாசக் கோலம் மாதிரி இருக்குது. தே, இங்க வாங்கப்பா எல்லாரும்!"

எல்லாரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். நாதஸ்வரக்காரர் வந்தார். கலியமூர்த்தி பாயசத்துக்கு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் காரின் முன்னால் குந்தி, கோடுகளை எண்ண ஆரம்பித்தார்.

பழைய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்த ஜெயராணி, "சார், அந்தச் செவப்பு அப்பிடியேதான் இருக்கு" என்றாள்.

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு... இருங்க ஆயாம்மா. இதெல்லாம் ராத்திரி வண்டி மேல ஏறிப் படுக்குதே, அந்தத் தெருப் பூனை பண்ண வேல. மொதல்ல அத ஒழிக்கணும்."

"பூன வட்டமாக் கீறாது சார்."

எண்ணிக்கை நின்றது.

"பின்ன யாரு?"

"நீங்கதான். தூசுன்னா இன்னா? மண்ணு. மண்ண வச்சித் தேச்சா, அது பாத்திரமா இருந்தா பளபளப்பு வரும், பெயிண்டா இருந்தா கீறல் வரும். ஒரு துணி, ஒரு சொம்பு. பிழியப் பிழிய மண்ணு அதுக்குள்ளதான் இருக்குது. நீங்க தொடைக்கல சார். உப்புத்தாள் போட்டிருக்கீங்க."

ஏழு மாதத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நாற்பத்திரண்டு கோடு போட்ட மனிதருக்குக் கோபத்தை விட பயம்தான் பெரிது. "இனிமே விழாம இருக்க வழி உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. அர பக்கெட்டுக்கும் கம்மியான தண்ணியில காட்டறேன். பதிலுக்கு அம்மாவுக்கு வேளைக்கு ரெண்டு பேசின். வாசல்ல நின்னு எண்ணக் கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"வண்டி மேல சத்தியம்" என்று பானட்டில் கை வைத்தார். அவருக்கு அதை விடப் பெரிய சாமி கிடையாது. ஜெயராணி நம்பினாள்.

வெயில் சாய்ந்து கார் நிழலில் நின்றது. தகரம் சூடு ஆறியதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேசின் கொண்டு வந்தாள். பழைய வேட்டியைத் துண்டு போட்டு, தைலம்மாளுக்காக வென்னீரில் போட்டு எடுத்து வெயிலில் காய வைத்திருந்த துணிகளில் எட்டை எடுத்தாள். முதலில் பூவாளியில் தண்ணீர் ஊற்றி, கையே படாமல், கூரையிலிருந்து கீழே வரை மெல்லத் தூவினாள். மண் ஊறி வழிந்தது. "காஞ்ச அழுக்கத் தொடவே கூடாது. ஊறட்டும்." பிறகு பேசின் தண்ணீரில் தலைக்குப் போடுகிற ஷாம்பு பாக்கெட்டில் பாதியைக் கரைத்து, துணியை நனைத்து, எட்டாக மடித்தாள். ஒரு மடிப்பால் ஒரு இழுப்பு, மேலிருந்து கீழே, நேராக. அழுத்தவில்லை. மடிப்பைத் திருப்பினாள், அடுத்த இழுப்பு. மடிப்பெல்லாம் தீர்ந்த துணியைத் தூர எறிந்தாள். பேசினுக்குள் திரும்ப முக்கவேயில்லை. கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி, கதவின் கீழ்பாதி. இன்னொரு பேசினில் நனைத்த நல்ல தண்ணீர்த் துணி பின்னாலேயே வந்தது, அதன் பின்னால் உலர்ந்த துணி. சக்கரம் கடைசி, அதற்கு மட்டும் கலியமூர்த்தியின் பனியன்.

பவானி கதவருகே நின்று, "அத்தையத் தொடைக்கிற மாதிரியே இருக்குது" என்றாள்.

"அதேதான்" என்றாள் ஜெயராணி. "ஒடம்பா இருந்தா இன்னா, தகரமா இருந்தா இன்னா? மேல் தோல் ஒண்ணுதான்."

கலியமூர்த்தி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டு சொம்பு ஆச்சு ஆயாம்மா."

"ஆச்சு. புதுசா ஒரு கோடு விழுந்திச்சா?"

குனிந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். விழவில்லை. அந்த மனிதர் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை, அவர் மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருசொம்புக்காரர் முட்டாள் இல்லை. சொல்லிக் கொடுத்தால் சுருக்காகப் பிடித்துக்கொள்வார். எதற்குப் பிடித்துக்கொள்கிறார் என்பதுதான் விஷயம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜெயராணி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் வந்தபோது, தைலம்மாளின் இரண்டு பேசினும் வாசலில் காரின் பக்கத்தில் இருந்தன. தைலம்மாளின் வெள்ளைத் துணிகள் எட்டெட்டாக மடித்து ஸ்டூலின் மேல் அடுக்கியிருந்தன. கலியமூர்த்தி கூரையை முடித்து, பானட்டை நனைத்து, முதல் இழுப்புக்குக் கையை ஓங்கியிருந்தார். மேலிருந்து கீழே, நேராக. அழுத்தாமல்.

"வாங்க ஆயாம்மா! நீங்க சொன்ன மாதிரியே. இன்னா துணி இது, பஞ்சு மாதிரி!"

"அம்மாவுக்கு?"

"அவுங்களுக்குத்தான் என் பனியன் துணிய அலசி வச்சிருக்கேனே. ஒரு சொம்பு தண்ணியும் கட்டிலடியில வச்சிட்டேன்."

ஜெயராணி இரண்டு பேசினையும் சக்கரத்தின் மேல் கவிழ்த்தாள். ஸ்டூலில் தொடாமல் இருந்த துணிகளை அள்ளிக்கொண்டாள்.

"ஐயோ, பானட்டு பாதியில நிக்குது! கரண்டு பத்து மணிக்குத்தான் வரும், டேங்குல ரெண்டு பேசின்தான் கெடக்கு!"

"கெடக்குதுல்ல? அது போதும்."

பேசின்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தொட்டியில் கிடந்ததை அடி வரை பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தவரிடம், "வந்தது வந்துட்டீங்க, அம்மாவ ஒருக்களிச்சுப் புடிங்க" என்றாள். ஆறு மாதத்தில் முதல் முறையாகக் கலியமூர்த்தி தன் அம்மாவின் தோளையும் இடுப்பையும் பிடித்தார். ஜெயராணி சேலையை விலக்கினாள்.

"இது... இது எப்ப ஆச்சு?"

"புதன்கெழமையே சொன்னேன். நேத்தும் சொன்னேன். நீங்க கோடு எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

நாற்பத்திரண்டு கோட்டுக்கும் தனித்தனியாக இடம் சொல்லக்கூடியவர், அந்த ஒரு சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம்? அரை நிமிஷம் இருக்கும். பிறகு அவர் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே வெயில் பானட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆயாம்மா, ஷாம்புத் தண்ணி அப்பிடியே காஞ்சா திட்டு விழுமா?"

"விழும். கைய விடாதீங்க. விட்டா அம்மா கவுந்துடுவாங்க."

"புடிடா" என்றாள் தைலம்மாள், சுவரைப் பார்த்தபடி. "ஒங்கூட நான் இவ்ளோ நேரம் இருந்து எத்தினி நாளாச்சு. திட்டு விழுந்தா விழட்டும்."

ஜெயராணி அவசரப்படவில்லை. முகம், கை, முதுகு, கால், கடைசியாக மறைவிடம். ஒவ்வொரு மடிப்பும் ஒரே ஒரு தடவை. சிவந்த இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் ஒரு சொட்டு இல்லாமல் உலர்த்தி, தலையணை கொடுத்து மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கலியமூர்த்தி அன்று திட்டுத் திட்டாக வெளுத்த பானட்டோடு அலுவலகம் போனார்.

சிரித்தீர்களா? நல்லது. உங்களிடம் கார் இல்லை, நீங்கள் தப்பித்தீர்கள் என்றும் நினைத்திருப்பீர்கள். கார்தான் வேண்டும் என்று யார் சொன்னது? டிவியோ, ஸ்கூட்டரோ, புதிதாக வாங்கிய கைப்பேசியோ, தினமும் துடைத்து வைக்கிற சாமான் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கத்தானே செய்கிறது? அதைத் துடைக்கிற துணியை ஒரு தரம் தொட்டுப் பாருங்கள். பிறகு உள்ளறைக்குப் போய், அங்கே படுத்திருப்பவரைத் துடைக்கிற துணியையும் தொட்டுப் பாருங்கள். எது மெத்தென்று இருக்கிறது என்று எங்களிடம் சொல்ல வேண்டாம். யாரும் பார்க்காதபோது மாற்றி வைத்துவிட்டால் போதும்.