தெரேச்சாவா, தெரேச்சோவா?

கொல்லங்கோட்டு டீக்கடை முன்னால் அந்த வெள்ளைக் கார் மூன்றாவது முறையாக வந்து நின்றது.

"ஏனுங்க, வழி தெரியலீங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"எனக்கா? அந்தம்மா சொல்ற பக்கம் திருப்பறேனுங்க, அவ்வளவுதான்" என்று முறைத்தாள் டிரைவர் நாச்சம்மாள்.

பின்சீட்டில் ஸ்பெயின் நாட்டு பிலார் அம்மாள் வயல்களைப் பார்த்தபடி மறுபடியும் சொன்னாள்: "தெரேச்சோ... தெரேச்சோ..."

ஆயுர்வேத வைத்தியத்துக்கு வந்திருந்த அவளை இன்று வெளியே கூட்டிப்போக வேண்டும். "அந்தம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டுந்தான் வரும். வழியும் அதுவே சொல்லுமாம். ஆம்பளை டிரைவரை அனுப்பறேன்" என்றிருந்தார் டிராவல்ஸ் முதலாளி கந்தப்பன்.

"ஆம்பளைன்னா ஸ்பானிஷ் தானா வந்துருமாக்கும்? நான்தான் போவேனுங்ணா. தப்பாப் போச்சுன்னா நாளையிலிருந்து வேலைக்கே வரலை" என்று சாவியை வாங்கியிருந்தாள் நாச்சம்மாள்.

கல்லூரியில் படிக்கும் மகள் நர்மதா செல்போனில் தேடி இரண்டு சொல் கற்றுக்கொடுத்தாள். இஸ்கியெர்தா, இடது. தெரேச்சா, வலது.

வலது பக்கமே திரும்பித் திரும்பித்தான் இந்த மூன்று சுற்று. நாச்சம்மாள் மகளுக்கு போன் போட்டாள்.

"அம்மா, கடைசியில 'சா'வா, 'சோ'வா?"

"சோ."

"ஐயோ, தெரேச்சோன்னா நேராப் போகணும்மா!"

"ஒரு எழுத்துல ரோடே மாறுமா? என்ன பாஷைடி இது!"

இனி நேராகத்தான் என்று முடிவு செய்தாள். ஊர் முடிந்தது. தார் ரோடும் முடிந்தது.

"இஸ்கியெர்தோ" என்றாள் பிலார்.

இடது. வண்டி வாய்க்கால் கரையில் ஏறிக் குலுங்கியது. பிலார் அம்மாள் முகத்தில் ஒரே சந்தோஷம். சரியான வழிதான் என்று நாச்சம்மாளுக்குத் தெம்பு வந்தது.

"தெரேச்சோ!"

நேரே இருந்தது நெல் வயல். வரப்பில் நின்ற ஒருவர் இரண்டு கையையும் ஆட்டி, "அங்க போகாதீங்கோவ்!" என்று கத்தினார்.

"என்ர வண்டியில உக்காந்திருக்கறவங்க சொல்றதுதான் எனக்குப் பேச்சு!" என்று கத்திவிட்டு ஃபர்ஸ்ட் கியரைப் போட்டாள் நாச்சம்மாள்.

முன்சக்கரம் இரண்டும் சேற்றுக்குள் இறங்கின. பிலார் அம்மாள் கைதட்டிவிட்டு, இறங்கிப் போய்க் கொக்குகளைப் படம் பிடித்தாள்.

நாச்சம்மாள் போன் போட்ட அரை மணி நேரத்தில் கந்தப்பன் பைக்கில் வந்தார். பின்னால், ஸ்பானிஷ் தெரிந்த வைத்தியசாலை நர்ஸ் ஜின்சி.

"புது வண்டிங்க! கண்ணு தெரியலையா?" என்று கந்தப்பன் குதித்தார்.

நாச்சம்மாள் சேற்றுக்காலோடு நிமிர்ந்து நின்றாள். "சத்தம் போடாதீங்ணா. அந்தம்மா வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட நான் மீறலை. ஜின்சி, நீயே கேளு கண்ணு. நான் தப்புன்னு அந்தம்மா சொல்லட்டும், இப்பவே நடந்து ஊடு போய்ச் சேர்றேன்!"

ஜின்சி கேட்டாள். பிலார் அம்மாள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஜின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"சேச்சி, அவங்க வழியே சொல்லலை. முட்டி வலிக்கு டாக்டர் சொன்னபடி உட்கார்ந்த இடத்துலயே காலை நீட்டி மடக்கிட்டு வந்திருக்காங்க. காலைச் சொல்லும்போது தெரேச்சோன்னா வலது கால், இஸ்கியெர்தோன்னா இடது கால்!"