சூரியனா, சாப்பாடா?

உலகத்தில் ஒரு பழஞ்சொல்லுக்காகக் குப்பை வண்டியைக் கோட்டைவிட்டவர் எங்கள் வேர் அங்கிள் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் ஒருமுறையா? மெல்பர்னின் ரோவிலில் எங்கள் தெருவில், புதன்தோறும்!

யாழ்ப்பாணத்துக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சொற்களின் வேரைத் தோண்டக் கிளம்பிவிட்டார். எதிர்வீட்டு ஈரானியப் பல் டாக்டருக்கும் அதே கிறுக்கு. இருவருக்கும் வாய்த்த சொல் 'க்வரெனா'. பண்டை ஈரானிய மறைநூல்களில், அரசர்களுக்குத் தெய்வம் அருளும் மகிமைக்கு அந்தப் பெயர். அது சூரியனிலிருந்து பிறந்த சொல் என்பது டாக்டர் கட்சி. சாப்பாட்டிலிருந்து பிறந்தது என்பது அங்கிள் கட்சி. அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம்.

குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். ஒளி இல்லாமல் மகிமையா என்று டாக்டர் வானத்தைக் காட்டுவார். மெல்பர்ன் வானம் அந்த நேரம் பார்த்துத் தூறி அவர் மானத்தை வாங்கும். அங்கிளோ ஆதாரத்தைத் தட்டிலேயே கொண்டுவருவார்: ஆவி பறக்கும் புட்டும் மாம்பழமும். பட்டினி கிடக்கும் ராஜாவுக்கு ஏது மகிமை என்று ஆங்கிலத்தில் முழங்குவார். டாக்டர் ஆதாரத்தைத் தின்றுகொண்டே மறுப்பார். அதற்குள் வண்டி போய்விடும்.

ஒருநாள் டாக்டருக்கு மாரடைப்பு. மறுநாள் ஆப்பரேஷன்.

"ஒருக்காலாவது சூரியன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்," என்று அங்கிளின் மனைவி அன்ரி கெஞ்சினார். அங்கிள் "ம்" என்றார். நோயாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுவதுதானே நம் வழக்கம்? அந்தத் தைரியத்தில் நான் காரை ஓட்டிப்போனேன்.

டாக்டர் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். அங்கிளைக் கண்டதும், "சூரியன்தானே, நண்பா?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"சாப்பாடு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து உட்கார்ந்து, "ஆப்பரேஷன் முடியட்டும், ஆதாரத்தோடு வருகிறேன்!" என்று கத்தினார். நர்ஸ் எங்களைத் துரத்திவிட்டார்.

"ஒரு தடவை ஒத்துக்கிட்டா என்ன அங்கிள், கொறஞ்சா போயிடுவீங்க?" என்று லிஃப்டில் பொரிந்து தள்ளினேன்.

அவர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். "நான் ஓம் எண்டு சொன்னா, தனக்குக் கதை முடிஞ்சுது எண்டெல்லோ அந்த மனுசன் நினைக்கும்!"

டாக்டர் பிழைத்து வந்தார், மூன்று தடித்த புத்தகங்களோடு. குப்பை மறுபடி நாறியது.

இப்போது அங்கிள் மகளோடு சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறார். போன மாதம் எனக்கு ஓர் ஆப்பரேஷன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். என் கதை முடிந்ததோ என்று தோன்றியது. அங்கிளுக்கு ஃபோன் போட்டு, "நாளைக்கு எனக்கு ஆப்பரேஷன் அங்கிள். நீங்க சொன்னதுதான் சரி, சாப்பாடுதான்" என்றேன்.

மறுமுனையில் அங்கிள் சீறினார்.

"விசரா! அது சூரியனெல்லோ!"

பிழைத்துக்கொள்வேன் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.