மைத்துனரைத் துரத்திய சிலிண்டர்

தீபாவளிக்குள் என் மைத்துனர் கந்தப்புவை வீட்டை விட்டுக் கிளப்பியே தீருவது என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்கிற உரிமை எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் என் மனைவி கனகேஸ்வரிக்கு மட்டுமே உண்டு.

கந்தப்பு அவளுடைய அண்ணன். தைப்பிங்கிலிருந்து ஜுரு தொழிற்சாலைக்கு மாற்றலாகி, ரூம் கிடைக்கும்வரை என்று வந்தவர். பதினோரு மாதம் ஆகிவிட்டது. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், காலை ஐந்து மணிக்குக் குளியலறையில் தேவாரம் பாடுவார். இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். நான் பேப்பரைத் தொடுவதற்கு முன்பே குறுக்கெழுத்தை முடித்து வைத்திருப்பார். அதுவும் பேனாவால்! ஒரு கட்டமாவது எனக்கு விட்டு வைத்தாரா, பாவி மனிதர்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி என்று நினைக்காதீர்கள். சரியாக ராத்திரி ஒன்றரை மணிக்கு வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கத் தொடங்குவார்கள். கண்ணில் நீர், மூக்கில் நீர். படுக்க முடியாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, சுவரில் தலையை முட்டிக்கொள்வேன். அழுதும் இருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் அழுததற்கு எனக்கு வெட்கமே இல்லை.

“கிளஸ்டர்” என்றார் டாக்டர். சில வாரங்கள் தினமும் வருமாம், போகுமாம், பிறகு ஒருநாள் மறுபடி வருமாம். வலி தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து முகமூடி வழியாகக் கால் மணி நேரம் ஆக்ஸிஜன் இழுக்க வேண்டும் என்று, வீட்டுக்கே சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

அய்யாக்கண்ணு என்பவர் லோரியில் கொண்டுவந்து இறக்கினார். சிலிண்டரை ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டினார்.

“அண்ணே, இது தானா எரியாது. ஆனா சின்னப் பொறி கிடைச்சா போதும், பெரிய நெருப்பாக்கிடும். மெத்தை, தலையணை, உங்க முடி, எல்லாம் பத்திக்கும்லா.”

“சரி தம்பி.”

“எண்ணெய்க் கையோட வால்வைத் தொடாதீங்க. மூஞ்சில தைலம் கூடாது. முடிஞ்சதும் வால்வை மூடிடணும். பத்தடிக்குள்ள விளக்கு, சாம்பிராணி எதுவும் வேணாம். சிகரெட்டு வீட்டுக்குள்ளயே வேணாம்.”

கனகேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

“கேட்டுச்சா?”

“இன்னையோட விட்டாச்சு” என்றேன். அப்போது அதை மெய்யாகத்தான் சொன்னேன். ஒன்றரை நாள் மெய்யாகவே இருந்தது.

அவள் கூடத்துச் சாமி விளக்கைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வெள்ளிகூட அவள் அதை விட்டதில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனால் ராத்திரி ஒன்றரைக்கு அவள்தான் எழுந்து வால்வைத் திறந்தாள். பத்தே நிமிஷத்தில் ஆணி கழன்றது. அந்தச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

வலி போனதும் மூளை வேலை செய்தது. சிலிண்டரோடு வந்த ஆங்கிலத் தாளை எடுத்துக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன். “யாராவது புகைபிடிக்கிற வீட்டில் சிலிண்டர் வைக்கக்கூடாது.” கந்தப்பு காதிலும் விழட்டும் என்று இரண்டு தடவை படித்தேன்.

மறுநாள் என் சிகரெட் துண்டுகள் மூன்றைக் கந்தப்புவின் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். அன்று மாதிரி நான் உற்சாகமாகப் பஸ் ஏறியதே இல்லை.

சாயங்காலம் கனகேஸ்வரி துண்டுகளைக் காகிதத்தில் வைத்து நீட்டினாள்.

“அண்ணன் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு.”

“ஐயோ! மச்சானா? நம்பவே முடியலையே!”

“எனக்கும்தான் நம்ப முடியல.”

“பழக்கத்தை மறைக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க, கனகம். அவரைக் குத்தம் சொல்லல. ஆனா தாள்ல என்ன போட்டிருக்கு? என் உயிர் இல்லையா?”

கந்தப்பு துண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ரூம் பாத்துக்கறேன் தங்கச்சி” என்றார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் ரூம் கிடைத்துப் போய்விட்டார். ஞாயிறு காலை, தொடப்படாத குறுக்கெழுத்தோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வெற்றியைக் கொண்டாட ஒரு சிகரெட் பற்றவைத்தேன். ஒன்றே ஒன்று. குறுக்கெழுத்தில் நாலு கட்டம்தான் எனக்கு வந்தது என்பது வேறு விஷயம்.

திங்கள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தேன். ஜன்னலோரத்தில் சங்கிலி மட்டும் தொங்கியது.

“சிலிண்டர் எங்கே?”

“அய்யாக்கண்ணு லோரியில போயிடுச்சு. நீங்கதானே ரெண்டு தடவை படிச்சீங்க, புகைபிடிக்கிற வீட்ல வைக்கக்கூடாதுன்னு?”

“அதான் மச்சான் போயிட்டாரே!”

“அண்ணன் சனிக்கிழமை போனாரு. இது ஞாயித்துக்கிழமை குளியலறையில கிடந்துச்சு.” காகிதத்தைப் பிரித்தாள். ஒரே ஒரு துண்டு. “அண்ணன் இல்ல. நான் பிடிக்கிறதில்ல. மிச்சம் யாருங்க?”

மணி ஆறு. ஒன்றரைக்கு இன்னும் ஏழரை மணி நேரம்.

“கனகம், ராத்திரி வலி வருமே! எங்கே அனுப்பின?”

“அண்ணன் ரூமுக்கு. அங்க விளக்கு இல்ல, அடுப்பு இல்ல, பெரிய ஜன்னல். ஆனா ஒரு சிக்கல். அண்ணன் சிகரெட் பிடிக்கிறவர்னா அங்கயும் வைக்கக்கூடாது. இப்பவே அய்யாக்கண்ணுக்குப் போன் பண்ணித் திரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன். நீங்க சொல்லுங்க. அண்ணன் பிடிக்கிறவரா?”

போனில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என் வலது கண் அப்போதே துடிப்பது போலிருந்தது.

“இல்ல.”

“சத்தமா சொல்லுங்க.”

“பிடிக்க மாட்டார்! அந்தத் துண்டு என்னோடது. எல்லாமே என்னோடது.”

“சிகரெட் அடியைக் கடிச்சுத் தட்டையாக்கற ஆள் உலகத்துல நீங்க ஒருத்தர்தான். கல்யாணமான நாள்லேர்ந்து கூட்டிப் பெருக்கறவளுக்குத் தெரியாதா?” போனிலிருந்து கையை எடுத்தாள். “நீங்க மாஸ்க் போட்டுத் தூங்கிடுவீங்க. எங்க சிகரெட் ஒளிச்சு வச்சிருக்கீங்களோன்னு விடிய விடிய மோந்து பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வீடு எரிஞ்சா நீங்க மட்டுமா எரிவீங்க?”

அவள் ஏற்கனவே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறினேன்.

கந்தப்பு கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்தார். ஒன்றரைக்கு அவரே வால்வைத் திறந்து, முகமூடியை என் முகத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்ட வழி தேடினேன், கிடைக்கவில்லை. ஐந்து மணிக்குத் தேவாரம் தொடங்கியது.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. சிகரெட்டை நிஜமாகவே விட்டேன். ஒருநாள் ராத்திரி வலி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

“கனகம், வலி நின்னுருச்சி! சிகரெட்டும் நின்னுருச்சி. சத்தியமா! இன்னைக்கே வீட்டுக்கு வந்துடறேன்.”

“மறுபடி வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரே, அங்கயே இருங்க,” என்றாள் கொட்டாவி விட்டபடி. “இங்க நான் நல்லாத் தூங்கறேன்.”