கிட்னிக்கு நான் வெண்ணெய் ஊட்டிய விவரம்

ஆராய்ச்சிக்கூடத்தில் கொடி நாட்டியிருக்கும் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே சகலரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். என் கிட்னி மட்டும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறது. பதறாதே, ஓடி வர வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். மாடி வீட்டுக்காரர் வாங்கிய ஃபிரிட்ஜை நான் ஒருத்தனே தூக்கிக்கொண்டு ஏறினேன் (கூட நாலு பேர் பிடித்தார்கள், அது வேறு விஷயம்). இடுப்பு பிடித்துக்கொண்டது. பாய்லர் ஓட்டிய உடம்புக்கு டாக்டர் எதற்கு என்று மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி முழுங்கினேன். பாத்ரூமுக்கு எழுந்து நடந்தால் வலிக்கிறதே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். கடைசியில் முகம் பூசணிக்காய், கால் இரண்டும் தலையணை, மூத்திரம் ஸ்டிரைக்! அள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். "மாத்திரைதான் கிட்னியை அடிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு நீ போனில் சொன்னாய்: "மாமா, கிட்னிக் குழாயில இருக்கிற செல்லுங்க கொழுப்பை எரிச்சுதான் வேலை பார்க்குது. அடிபட்டா அதை எரிக்க முடியாம சர்க்கரையை எரிக்கிறதுக்கு மாறிடும். மறுபடி கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சா நல்லா ஆறும், இல்லேன்னா தழும்பு விழுந்துடும்."

சலவைக் கம்பெனியில் காலமெல்லாம் பாய்லர் ஓட்டியவனுக்கு எரிபொருள் விஷயம் புரியாதா? மிச்சத்தைக் கேட்காமலே போனை வைத்துவிட்டுச் சிகிச்சையை நானே கையில் எடுத்தேன். காலையில் வெண்ணெய் ஒரு கட்டி, மத்தியானம் ஒரு கட்டி, சாயங்காலம் மனசுக்குத் தோன்றினபடி. "உங்ககிட்ட இருக்கிற கொழுப்பு போதாதா?" என்றாள் உன் அத்தை. விஞ்ஞானம் தெரியாதவள், மன்னித்தேன்.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவுக்கே பாடம் நடத்தினேன். ஆதாரத்துக்கு உன் பேரையும் சொல்லிவைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, பர்னர் பழுதாயிருக்கும்போது எண்ணெயைத் திறந்து விடுவீங்களா?"

"ஐயையோ, எரியாம உள்ளேயே தேங்கி எல்லாம் நாசமாயிடுமே!"

"செல்லுக்குள்ளயும் அப்படித்தான் கொழுப்பு தேங்கும். கிட்னி தேறுறதுக்கு முதல்ல இடம் கொடுங்க. அந்த மாத்திரையைத் தொடாதீங்க, நான் சொன்ன அளவுக்குத் தண்ணி குடிங்க, வெண்ணெயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் பேச்சைக் கேட்டு, மிச்ச வெண்ணெயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். சொன்னபடி நடந்தேன். பலன்? நேற்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "இப்படி ஒரு கிட்னியை நான் பார்த்ததே இல்லை" என்று நர்ஸுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். உன் ஆராய்ச்சிக்கு என் பேட்டி வேண்டுமானால் கூச்சப்படாமல் கேள்.

உன் எலிகள் ஓடாமலும் கண்ணாடிக் குப்பிகள் உடையாமலும் நீ அமோகமாக இருக்க வேண்டும். அக்காவிடம், தம்பி சிங்கம் மாதிரி இருக்கிறான் என்று சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: உன் அத்தை இதைப் படித்துவிட்டு, "அந்தம்மா எப்போ எழுந்து நின்னாங்க?" என்கிறாள். நிற்கவில்லை. ரத்தமே இன்றைக்குத்தான் எடுத்தார்கள். அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொல்வார்களாம், தேறுமா தேறாதா என்று. உன் அத்தையும் நானும் ஒருத்தரை ஒருத்தர் தைரியமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்தால் தேவலை. அக்கம்பக்கத்தில் நீயாகவே வந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்.