பேசாத கூழைக்கடா

இதய வால்வை மாற்றித் தொண்ணூற்றொரு நாள் ஆன வியாழக்கிழமை காலையில், ஃப்ரீஸ்லாந்துக் கடலணைமேல் ரீமருக்கு ஒரு நாரை தென்பட்டது.

அங்கே நாரை எதுவும் இல்லை.

மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவர் பிரேக்கைப் பிடித்தால் பின்னால் இருப்பவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவருக்குக் கண் தெரியாது என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

"என்னடா, நின்னுட்டே?" என்றார் டௌவே.

"நாரை."

"எங்க?"

"இடப்பக்கம். வாய்க்கால் ஓரமா."

டௌவே தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். "ஆள்காட்டிக் குருவி கத்துது. அந்தப் பக்கம் ஆடு. நாரையைக் காணோமே."

"சும்மா நிக்குது."

"சும்மான்னா?"

"ஏதோ யோசனையில இருக்கு போல."

"நாரைக்கு என்னடா யோசனை? அதுக்கும் உன்னை மாதிரி பென்ஷன் வந்துடுச்சா? கழுத்து நீட்டிக்கிட்டு இருக்கா, மடிச்சுக்கிட்டு இருக்கா? எந்தக் கால்ல நிக்குது?"

டௌவே கேட்கக் கேட்க ரீமர் சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சு சீரானதும் நாரையைப் பறக்கவிட்டுவிட்டுப் பெடலை மிதித்தார்.

பதினேழு வருடமாக வியாழக்கிழமை என்றால் இதுதான். பார்வையற்றோர் சைக்கிள் சங்கம் சேர்த்துவைத்த ஜோடி. ரீமர் முன்னால் உட்கார்ந்து ஓட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் சொல்வார். டௌவே பின்னால் உட்கார்ந்து மிதித்து, காதில் பட்டதையெல்லாம் சொல்வார். கிளம்பும்போது டௌவேயின் அக்கா சீட்ஸ்கே தம்பியின் பாதங்களைப் பெடலோடு வாரால் கட்டிவிடுவார். முன் பெடல் சுற்றினால் பின் பெடலும் தானாகச் சுற்றும். கால் நழுவினால் முழங்காலில் அடிபடும்.

ரீமர் மூச்சு வாங்குவதை மறைத்ததற்குக் காரணம் யெல்மர்.

யெல்மர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். கெண்டைக்கால் ஒவ்வொன்றும் ஒரு முழு ரொட்டி அளவு இருக்கும். ஜூன் கடைசியில் சங்கத்தின் கோடைச் சவாரி, நாற்பது கிலோமீட்டர். "உங்களுக்கு முடியலேன்னா தயங்காம சொல்லுங்க சார், யெல்மர் ரெடியா இருக்கான்" என்று செயலாளர் அம்மாள் இரண்டு முறை தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஒரு முறை அவன் முன்னிருக்கையில் உட்கார்ந்தால் போதும். பிறகு வியாழக்கிழமைகளும் அவனுக்குத்தான்.

வியாழக்கிழமை போய்விட்டால் ரீமருக்கு வாரத்தில் எதுவும் மிச்சமில்லை. மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. மற்ற நாட்களில் அவரோடு பேசுவது கடையில் பில் போடும் இயந்திரம் மட்டும்தான். போன வாரம் அது "நன்றி, மீண்டும் வருக" என்றது. ரீமருக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நெஞ்சைத் திறந்து மூடியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் இரண்டு நாரையும் ஒரு கரண்டிவாயனும் தேவைப்பட்டன.

நின்றால் இன்னொரு தொல்லை. புது வால்வு உலோகம். காற்று அடங்கினால் உள்ளே டிக் டிக் என்று கேட்கும்.

"உன் கடிகாரம் வேகமா ஓடுதே?" என்றார் டௌவே.

"புதுசு. பழகணும்."

"சரி, சரி. கரண்டிவாயனைச் சொல்லு. மூக்கு நுனி மஞ்சளா?"

ரீமர் மருத்துவமனைக்குப் போனார். இடம் நகராத சைக்கிளில் ஏற்றி, உடம்பெல்லாம் வயர் ஒட்டினார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

"உங்க வயசுக்கு இது பிரமாதம் சார்."

"அப்போ அணைமேல ஏன் முடியல?"

"அங்க எதிர்காத்து இருக்கும்ல?"

அடுத்த வியாழக்கிழமை ஒரு புல்கூட அசையவில்லை. அப்படியும் ஆடுகளுக்காக அணைமேல் போட்டிருந்த முதல் கேட்டைத் தாண்டுவதற்குள் தொடை நடுங்கியது. அந்த இயந்திரம் நோயாளிகள் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்கிறது என ரீமர் முடிவு செய்தார்.

பாரத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மணி, மட்கார்டு, பின்பக்கப் பை எல்லாவற்றையும் கழற்றினார். காபி பிளாஸ்க்கை வீட்டிலேயே வைத்தார். பிளாஸ்க் இல்லாததால் காபிக்கு நிற்க முடியவில்லை. அதற்கு ஈடாக இன்னொரு பறவை வேண்டியிருந்தது.

டௌவேயும்கூட இளைத்திருந்தார். கோட்டு தோளிலிருந்து தொங்கியது.

"என்னடா இது, அப்பா கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கே?"

"அக்கா தோய்ச்சுத் தோய்ச்சுப் பெருசாக்கிட்டா. இந்தா, என் சர்க்கரை ரொட்டியையும் நீயே தின்னு. நெஞ்சைக் கிழிச்சவனுக்குத் தெம்பு வேணும்."

ரீமர் தின்றார். வண்டி லேசு, ஆளும் லேசு. அப்படியும் ஒவ்வொரு மிதிக்கும் பாறாங்கல்லை இழுப்பதுபோல இருந்தது. அப்படியானால் வால்வுதான். வேறென்ன?

மே மாதக் கடைசியில் பறவைகள் தீர்ந்துபோயின.

"ஒரே காலையில நாலு நாரையா?" என்றார் டௌவே. "மாநாடா நடக்குது?"

"இது நாரை இல்ல."

"பின்ன?"

மூளைக்குக் காற்று போதாத நேரம். வாயில் வந்ததைச் சொன்னார். "கூழைக்கடா."

"வெயில் நாட்டுப் பறவை ஃப்ரீஸ்லாந்துலயா?"

"அதுக்கும் அதே ஆச்சரியம்தான்னு நினைக்கிறேன். முழிக்குது."

"சத்தம் போடலையே?"

"கூழைக்கடா பேசாதுடா. உனக்குத் தெரியாதா?"

டௌவே தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "பை மாதிரி தொங்குமே, அது எவ்வளவு பெருசு? நிதானமாச் சொல்லு" என்றார்.

அன்று மாலை ரொட்டிக் கடையில் டௌவே இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். ரொட்டிக்காரரின் மச்சான் பறவைச் சங்கத்தில் இருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை அணைமேல் முப்பது பேர் தொலைநோக்கிகளோடு நின்றார்கள். சிலர் ஜெர்மனியிலிருந்து இரவே கிளம்பி வந்திருந்தார்கள். பிராண்ட்ஸ்மா என்ற உயரமான மனிதர் ரீமரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானா அது? எங்க சார் பார்த்தீங்க?"

இவர்கள் தொலைந்தால் போதும் என்று இருந்தது ரீமருக்கு. "மேற்கே போயிடுச்சு. ரொம்ப தூரம். பெரிய மதகு வரைக்கும்."

பெரிய மதகு எட்டு கிலோமீட்டர். காற்று அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார் பிராண்ட்ஸ்மா. "நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாடியே வர்றோம். அடையாளம் காட்ட ஆள் வேணுமே."

"போவோம், போவோம்" என்றார் டௌவே.

பின்னால் முப்பது சைக்கிள். நிற்பதற்கு வழியில்லை. நாரை என்று சொன்னால் முப்பது தொலைநோக்கியும் திரும்பும். ரீமர் கைப்பிடியின்மேல் கவிழ்ந்து மிதித்தார். ஆடுகள் ஒதுங்கின. கண்ணில் காற்று அடித்து நீர் வழிந்தது. காற்றினால் மட்டும்தானா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே வால்வு தையல் இயந்திரம்போல அடித்தது. இதோ நிற்கப்போகிறது, இந்தக் கேட்டில், அடுத்த கேட்டில் என்று எண்ணிக்கொண்டே மதகுவரை வந்துவிட்டார். டௌவே அதிசயமாக வழியெல்லாம் வாயே திறக்கவில்லை.

மதகின் ஓரம் வெள்ளையாக ஒன்று நின்றது. பிராண்ட்ஸ்மா தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"அது அன்னம்."

"அன்னமா?" என்றார் ரீமர்.

"வளர்ப்பு அன்னம். கால்ல வளையம்கூட இருக்கு."

பின்னாலிருந்து ரொட்டிக்காரரின் மச்சான், "நெஞ்சைப் பிரிச்சப்பவே கண்ணையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

டௌவே இருக்கையிலிருந்து இறங்காமலே குரலை உயர்த்தினார். "முப்பது பேர் பார்த்தா அன்னம். இவன் ஒருத்தன் பார்த்தா கூழைக்கடா. பதினேழு வருஷமா எனக்குக் கண்ணு இவன்தான். நான் இவனைத்தான் நம்புவேன்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ரீமர் ஹேண்டில்பாரில் மணி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காற்று தள்ளியது. வீடு வந்ததும் சீட்ஸ்கே வாரை அவிழ்த்தார். டௌவே ரீமரின் தோளைப் பிடித்து இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

"கொஞ்சம் படுக்கறேன்டா. உன் கூழைக்கடா என்னை அலுக்க வெச்சிடுச்சு."

காலை பதினொரு மணி. ரீமர் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு அங்கேயே நின்றார். சீட்ஸ்கே கதவோரம் வந்தார்.

"அக்கா, யெல்மருக்குப் போன் பண்ணுங்க."

"எதுக்கு?"

"கோடைச் சவாரிக்கு. அப்புறம் வியாழக்கிழமைக்கும். இந்த வால்வு தாங்கல." ரீமர் வண்டியைச் சுவரில் சாய்த்தார். "அந்தப் பறவை ஒண்ணும் நிஜமில்ல அக்கா. நாரைகூட இல்ல. மூச்சு வாங்கத்தான் நின்னேன். கண்ணு தெரியாதவன்கிட்ட ஏழு வாரமாப் பொய் சொல்லியிருக்கேன். என்னால அவனை இழுக்க முடியல."

சீட்ஸ்கே கையிலிருந்த வாரை விரலில் சுற்றினார்.

"பறவை இல்லன்னு அவனுக்கு முதல் நாளே தெரியும்" என்றார். "நின்னதும் உன் டிக் டிக் கேக்குமாம். அது அடங்குற வரைக்கும் கழுத்து, மூக்கு, காலுன்னு கேட்டுக்கிட்டே இருப்பானாம். நம்புற மாதிரி இருக்கணுமேன்னு ரொட்டிக் கடையிலயும் சொல்லி வெச்சான். அது கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

ரீமருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பாவிப் பய. அப்போ சரி, யெல்மரைக் கூப்பிடுங்க. அவனாவது ஒழுங்கா..."

"யெல்மர் வேணாம்னு டௌவேதான் சொல்லியிருக்கான். யெல்மர் பத்து மிதியில கண்டுபிடிச்சிடுவானாம். நீன்னா உன் நெஞ்சைத்தான் சந்தேகப்படுவியாம்."

"என்னத்தைக் கண்டுபிடிப்பான்?"

சீட்ஸ்கே வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"உன் நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல, ரீமர். டௌவே இந்தக் கோடையைத் தாண்ட மாட்டான்னு பிப்ரவரியிலயே டாக்டர் சொல்லிட்டார். அவன் கால்ல மிதிக்கப் பலமே இல்ல. இந்த ஏழு வாரமும் ரெண்டு பேரையும் இழுத்துட்டு வந்தது நீ ஒருத்தன்தான்."