ஐந்து டின் தாய்மாமன் சீர்

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் இருபதாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடத்திற்கு என் அக்காளின் கல்யாணப் பலகாரத்தை நான் கெடுக்கத் தொடங்கினேன். நேரத்தில் ஐயமில்லை, புதுச்சேரி சுங்க அலுவலகத்தின் சுவர்க்கடிகாரம் எனக்கு நேரெதிரே இருந்தது.

பிரான்சில் குடியேறிவிட்ட எங்கள் தாய்மாமனால் கல்யாணத்திற்கு வர இயலவில்லை. தம் சீராக, பலகாரம் பொரிப்பதற்கென்று, தேங்காயிலிருந்து எடுத்த தாவரக் கொழுப்பை ஐந்து பெரிய டின்களில் கப்பலேற்றியிருந்தார். அதை நம்பி அம்மா ஒரு படி எண்ணெயும் வாங்கி வைக்கவில்லை. மாமன் சீரில் பொரித்த முறுக்கு சொந்தக்காரர் வீடுதோறும் வரும் என்று வில்லியனூர் முழுக்கச் சொல்லியும் விட்டார். கல்யாணத்திற்குப் பன்னிரண்டு நாளே இருந்தது.

டின்னின் மேலிருந்த பிரெஞ்சைப் படிக்க வீட்டில் நான் ஒருத்திதான். கல்லூரியில் பிரெஞ்சு இலக்கிய மாணவி. நாளொன்றுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன். (காகிதம் கிடைத்தால் நிறுத்தமாட்டேன்.) இதை அறிந்த அம்மா பஸ்ஸிலேயே எச்சரித்தார்.

"எதுக்குன்னு கேட்டா வூட்டுக்குன்னு சொல்லு. அத்தோட வாய மூடிக்கோ, இன்னா?"

அதிகாரி கேட்கவில்லை, படிவம் கொடுத்தார். 'பொருளின் பயன்' என்பதற்கெதிரே அரை வரி இடம். தாய்மாமன் சீரை அரை வரியில் அடக்குவது எனக்கு அநீதியாகப் பட்டது. வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி இரண்டு பக்கம் எழுதினேன். சீர் என்பது யாது; அது மணப்பெண்ணுக்கு உரியதாயினும் அவள் மட்டும் உண்பதன்று; வில்லியனூர், ஒதியம்பட்டு, அரியூர் ஆகிய ஊர்களில் நூற்று நாற்பது வீடுகளுக்குத் தலா பத்து முறுக்கு வழங்கப்படும்.

லேபிளையும் மொழிபெயர்த்தேன். 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்பதன் கீழே, சரக்கு கப்பலிலும் கிடங்கிலும் இரண்டு மாதம் வெந்ததாக நானே குறிப்புச் சேர்த்தேன். உண்ணத்தக்க கடைசித் தேதி அழிந்திருப்பதையும் சுட்டினேன். (யாரும் கேட்கவில்லை. சத்தியமாக யாருமே கேட்கவில்லை.)

அதிகாரி நெடுநேரம் படித்தார்.

"ஏம்மா, வூட்டு உபயோகம்னு முத்திரை குத்தி அனுப்பிடலாம்னு இருந்தேன். நூத்தி நாப்பது வூட்டுக்குக் குடுக்கிறதா நீயே கையெழுத்துப் போட்டுட்டியே! இனிமே சோதனைக்குப் போவணும். மாட்டுக் கொழுப்பு கலக்கலன்னு ரிப்போர்ட் வரணும்."

"எத்தினி நாளு சார்?" என்றார் அம்மா.

"ஒரு மாசம்னு வெச்சுக்கங்க."

"பன்னெண்டு நாள்ல கல்யாணம் சார்! அத்த கிழிச்சுப் போட்டுடுங்க. சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிடுச்சு."

"பதிவு நம்பர் போட்டாச்சேம்மா."

எங்கள் கண்ணெதிரே ஐந்து டின்களும் வெட்டித் திறக்கப்பட்டன. டின்னுக்கு மூன்று மாதிரிப் புட்டி, ஒவ்வொன்றுக்கும் அரக்கு முத்திரை. பதினைந்து புட்டிக்கும் என்னையே சீட்டு எழுதச் சொன்னார்கள். (கையெழுத்து அழகாம்.)

பஸ்ஸில் திரும்பி வில்லியனூரில் இறங்கும்போது அம்மா, "பத்து முறுக்குன்னு எண்ணி வேற எழுதிகிறா," என்று பஸ் நடத்துநரிடம் முறையிட்டார்.

அக்காள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். "மாமா சீர் இல்லாம மணையில உக்காரணும். அவ்ளோதானடி?" என்று மட்டும் கேட்டாள்.

சீர்த்தட்டு காலியாக இருக்கக் கூடாதென்று, கல்யாணத்தன்று அம்மா சுங்க ரசீதுக்கு மஞ்சள் தடவி அதில் வைத்தார். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது: கலப்படம் ஏதுமில்லை. அதற்குள் திறந்த டின்களிலிருந்து எழுந்த நாற்றத்தைப் பற்றி அறிக்கை எதுவும் சொல்லவில்லை. இன்றும் நான் எதற்காவது விளக்கம் சொல்ல வாயெடுத்தால், அக்காள் எழுந்துபோய் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன் வைக்கிறாள்.

ஆனால் சுங்க அலுவலகம் போய்வந்த மறுநாள் காலை, பலகாரம் பொரிப்பதற்காக, அக்கம்பக்கத்தில் கெஞ்சி வாங்கிய ஏழு ரேஷன் கார்டுகளோடு பாமாயில் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அதுவும் கப்பலில் வந்த சரக்குதான். (எந்தக் கிடங்கு, எந்தத் தேதி என்று கேட்க நாக்கு துடித்தது.)

"இன்னாம்மா, ஏழு கார்டு! இவ்ளோ எண்ணெய் எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

அன்றைய பத்து வார்த்தைகளில் ஒன்றை மட்டும் செலவழித்தேன்.

"வூட்டுக்கு."