எல்லாப் பிழையும் பிடித்தவன் படலம்

சுழல்நாற்காலிச் சிங்காதனத்தோய், வாழி! குளிர்காற்றுப் பெட்டியின் நேர்கீழ் அமர்ந்தும் வியர்க்கத் தெரிந்த வித்தகனே, வாழி! லேப்டாப் பையினும் கனத்ததொன்றைச் சுமந்தறியாத தோளும், பத்து விரலே படைக்கலமும் கொண்ட மென்பொருள் மறவனே, உன் புகழ் பாடப் புகுந்தோம். கேட்க ஆளில்லாவிட்டாலும் பாடித் தொலைப்போம்.

ஓராண்டுக்கு முன், அலுவலகக் கூட்டத்தில், பிஸ்கட் தட்டு சாட்சியாக அவன் சூளுரைத்தான்: "செயலியின் எம்மூலையில் எப்பிழை முளைப்பினும் என் ஒற்றை வலையில் வீழும்! வீழ்ந்ததையெல்லாம் குறிப்புக் கோப்பில் பொறிப்பேன்! பயனர் காண்பதோ 'சற்றே பொறுத்தருள்க' எனும் இன்சொல் ஒன்றே!" மேலாளர் கைதட்டினார். என்ன வலை என்று அவருக்கு விளங்கவில்லை, அதனால்தான் தட்டினார்.

சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குவோர், மறுநாள் வேலைக்குப் பகல் பன்னிரண்டுக்குள் அச்செயலியில் பெயர் பதிய வேண்டும். பதியாதவருக்கு வேலையில்லை. ஒருநாள் பதினொரு மணிக்கு, கிடங்கு வாசலில் நாற்பத்தொரு கைப்பேசிகளில் ஒருசேர மலர்ந்தது அந்த இன்சொல். மூட்டை தூக்குவோர் கூட்டத்தின் தலைவி வீரனை போனில் பிடித்தாள்.

"தம்பி, மூட்டை சரிஞ்சா நாங்க 'சரியுது, ஓடு'ன்னு கத்துவோம். 'சற்றே பொறுத்தருள்க'ன்னு சொன்னா கீழ நிக்கிறவன் நசுங்கிடுவான். என்ன கோளாறு, அதச் சொல்லு."

"பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"பாத்தது போதும், கண்டுபிடி. மணி பதினொன்னே கால்."

எழுந்தான் வீரன், உடனே அமர்ந்தான், ஏனெனில் அவன் போர் அமர்ந்து செய்வது. மதங்கொண்ட களிறு கரும்புக்காட்டில் புகுந்தாற்போல் வரிவரியாய்த் தன் நிரலுள் புகுந்து, நேற்று எழுதியதை நீக்கி, நீக்கியதை மீண்டும் எழுதி, தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து, அங்கே அது பட்டுப்போல் ஓடக் கண்டு, "என் மெஷின்ல ஓடுதே!" என்னும் தொன்றுதொட்ட போர்முழக்கத்தை மும்முறை எழுப்பி, சர்வரை அணைத்து எழுப்பியும் பயனின்றி, ஈற்றில் தன் குறிப்புக் கோப்பையே சரணடைந்தான். கோப்போ அன்று காலை ஆறு மணியோடு வாய்மூடிக் கிடந்தது.

மணி பதினொன்று ஐம்பது. அப்போதுதான் அவன் சர்வரின் சேமிப்பு வட்டில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதென்று பார்த்தான். ஒரு பொட்டுக்கூட இல்லை. எவரெவரோ தப்பாய்த் தட்டிய கடவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் நாற்பது வரி ஒப்பாரி வைத்து, ஓராண்டாய் ஊதிப் பெருத்து, வட்டு முழுவதையும் தின்றிருந்தது அவன் பெற்ற குறிப்புக் கோப்பு. ஒரு பெயர் பதியவும் இடமில்லை. 'இடமில்லை' என்ற பிழையை எழுதி வைக்கவும் இடமில்லை. வலை அதையும் கடமை தவறாது பிடித்து, விழுங்கி, இன்சொல் பகர்ந்துகொண்டிருந்தது.

வாளுருவினான்! கோப்பை அழிக்கும் ஆணையைத் தட்டினான்! 'உமக்கு அனுமதியில்லை' என்றது சர்வர். அனுமதி தரும் அதிகாரியோ டீ குடிக்கப் போயிருந்தார். மாடிப்படி மூன்றடுக்கு இறங்கி, அவரை டம்ளரோடு இழுத்து வந்து, மணி பன்னிரண்டு நான்குக்குப் பகைமுடித்து, "வென்றேன்!" என்று முழங்கினான். மேலாளர் மீண்டும் கைதட்டினார். கிடங்கு வாசலில் நாற்பத்தொரு கைப்பேசிகளும் இன்சொல் துறந்து, முதன்முறையாக உள்ளதை உள்ளபடி உரைத்தன: 'பதிவு நேரம் முடிந்தது.'

மறுநாள் நாற்பத்தொரு பேரும் வீட்டில் இருந்தார்கள்.